ஐம்பத்தெட்டாவது டிராப்

சூளகிரிக்குப் பக்கத்தில் நான் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து போன மாதம் ஒரு பெண் பொறியாளர் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர், முகம் தெரியாது. ஹைட்ரஜனேஷன் பிளாக்கைப் புதுப்பிக்கிறார்களாம். கையால் திருகிய வால்வுகளெல்லாம் கணினித் திரைக்குப் போகின்றன. பழைய செயல்முறைத் தாளை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, பதினான்காவது வரி மட்டும் யாருக்கும் புரியவில்லை என்றார். வாசித்தும் காட்டினார்.

"கடைசி டிராப் முடிந்ததும் ஹைட்ரஜனை மூடி, அஜிட்டேட்டரை நிறுத்தி, பத்து நிமிடம் பிரஷர் முள்ளைப் பார்க்கவும். அதுவரை ஸ்டீம் வால்வைத் தொடக் கூடாது."

ஒரு பேட்ச்சுக்குப் பத்து நிமிடம் வீணாகிறது, எவ்வளவு ஹைட்ரஜன் உள்ளே போனது என்பதை இப்போது மீட்டரே சொல்லிவிடும், எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுக்க வேண்டாம் என்றேன். மீட்டர் உள்ளே போனதைத்தான் எண்ணும். போனது அங்கேயே இருக்கிறதா, வெளியே போய்விட்டதா என்று அதற்குத் தெரியாது. அவர் சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். வரி இருக்கட்டும் என்றார். பிறகு, இதைச் சேர்த்தது யார், எதற்காகச் சேர்த்தார்கள் என்று கேட்டார். அதற்குப் போனில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

மத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்க் கிருஷ்ணகிரியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன் நான். ட்ரெய்னி கெமிஸ்ட் என்ற பெயரில் சேர்ந்து, முதல் இரண்டு வருடம் டிரம் உருட்டினேன், ஃபில்டர் துணி அலசினேன், சாம்பிள் பாட்டில்களை லேபுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மூன்றாவது வருடம் ஹைட்ரஜனேஷன் பிளாக்கில் போட்டார்கள். ஏழாவது வருடம் ஷிப்ட் இன்சார்ஜ் ஆனேன். சொல்வதற்கு அதில் வேறொன்றும் இல்லை.

வேலை இதுதான். நைட்ரோ வகைப் பொருள் ஒன்றை மெத்தனாலில் கரைக்க வேண்டும். அதில் மாவு போன்ற நிக்கல் தூளைச் சேர்த்து, ஆட்டோகிளேவ் என்ற தடித்த எஃகுக் கலத்தில் போட்டு மூட வேண்டும். மேலே ஹைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, நடுவில் தொங்கும் அஜிட்டேட்டர் தண்டால் விடாமல் கலக்க வேண்டும். ஒன்பது மணி நேரத்தில் நைட்ரோ அமீனாக மாறும். மருந்துக் கம்பெனிகள் அதை வாங்கிப் போகும். நிக்கல் மட்டும் மாறாது. மாற்றம் முழுவதும் அதன் மேற்பரப்பில் நடக்கும். நடந்து முடிந்ததும் பொருள் விலகிப் போகும், நிக்கல் மிஞ்சும். அதை வடிகட்டி, ஈரம் காயாமல் எடுத்து, அடுத்த பேட்ச்சுக்குப் போடுவோம். காய்ந்தால் தானாகவே தீப்பிடிக்கும். நான் சேர்ந்த புதிதில், நிக்கல் துடைத்த துணியை ஒருவர் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் தொட்டி எரிந்துகொண்டிருந்தது. யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை.

அந்தத் தொட்டியை அணைத்த பிறகுதான் அருளப்பன் சாரை முதலில் நெருங்கிப் பார்த்தேன். அவர் எங்கள் பிளாக்கின் மேலாளர். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். குரலை உயர்த்தியதே கிடையாது. எதைச் சொன்னாலும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பார்: "பாத்தியா, படிச்சியா, யாராவது சொன்னாங்களா?" பிரஷர் ஐந்து கிலோ சார் என்றால், முள்ளை நீயே பார்த்தாயா, லாக் ஷீட்டில் எழுதியிருந்ததைப் படித்தாயா, ஆபரேட்டர் சொன்னாரா என்று அர்த்தம். பார்த்ததை மட்டும் மை பேனாவால் எழுதச் சொல்வார். படித்ததையும் கேட்டதையும் பென்சிலால். அவருடைய நோட்டுப் புத்தகம் முக்கால்வாசி பென்சில்தான்.

நிக்கலின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்பதைக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் எனக்குப் புரியவில்லை. அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். நிக்கல் ஒரு கல்யாணப் பந்தி. இலை எத்தனையோ அத்தனை பேர்தான் உட்கார முடியும். நைட்ரோ வந்து உட்கார்ந்து, ஹைட்ரஜனைச் சாப்பிட்டு, வயிறு நிறைந்து அமீனாக எழுந்து போகும். அடுத்த ஆள் உட்காரும். ஆனால் கந்தகம் மாதிரி அழுக்கு ஒன்று வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஒவ்வொரு முறை நிக்கலைத் திரும்பப் போடும்போதும் அப்படிப்பட்ட ஆட்கள் கூடிக்கொண்டே போவார்கள், இலைகள் குறைந்துகொண்டே வரும். இலை பற்றாமல் போனால் நைட்ரோ பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே வந்து நிற்கும். அதுவரை சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"பசியோட இருக்கறவன் பரவால்ல, வயிறு நிறைஞ்சவன் பரவால்ல. பாதியில எழுந்தவன்தான் கோவக்காரன். அவனுக்குச் சூடு காட்டாத."

பாதியில் நின்ற அந்தப் பொருள் சூட்டில் தானாகச் சிதையும். சிதையும்போது இன்னும் சூடு வரும். ஓர் அளவைத் தாண்டினால் யாராலும் நிறுத்த முடியாது. இதை நான் என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். இன்னொருவர் சொன்னது என்பதால் பென்சிலால் எழுதினேன்.

எங்களிடம் அப்போது ஹைட்ரஜனை அளக்க மீட்டர் இல்லை. எண்ணித்தான் அளந்தோம். அழுத்தத்தை ஐந்து கிலோவுக்கு ஏற்றுவோம். வினை ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள முள் இறங்கும். மூன்றுக்கு வந்ததும் மறுபடி ஐந்துக்கு ஏற்றுவோம். இந்த ஓர் இறக்கத்துக்கு ஒரு டிராப் என்று பெயர். எங்கள் பேட்ச்சுக்குக் கணக்கு ஐம்பத்தெட்டு டிராப். ஐம்பத்தெட்டு ஆகி, அதன்பின் முள் அரை மணி நேரம் அசையாமல் நின்றால் பேட்ச் முடிந்தது.

இந்த எண்ணிக்கை சரியாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. கலத்தில் எங்கும் கசிவு இருக்கக் கூடாது. கசிந்து வெளியே போன ஹைட்ரஜனும் முள்ளை இறக்கும். நாம் அதையும் டிராப் என்று எண்ணிவிடுவோம். அதனால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முன்னால் நைட்ரஜனை ஏற்றி, அஜிட்டேட்டரை ஓடவிட்டு, முப்பது நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும் என்பது அருளப்பன் சாரின் விதி. அஜிட்டேட்டரை ஓடவிடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தண்டு மூடியைத் துளைத்து உள்ளே நுழையும் இடத்தில் கிளாண்ட் என்ற அடைப்பு இருக்கும். தண்டு நிற்கும்போது லேசாக மட்டும் கசியும் கிளாண்ட், சுற்றும்போது நன்றாகக் கசியும்.

நாங்கள் பத்து நிமிடம்தான் பார்த்தோம். தண்டை ஓடவிடாமல் பார்த்தோம். நாங்கள் என்றால் எல்லா ஷிப்டும். ஷிப்டுக்கு ஷிப்ட் அது பழகிவிட்டது. முள் தன் தடிமன் அளவுக்கு நகர்ந்தால் நகரவில்லை என்று வைத்துக்கொள்வோம். லாக் ஷீட்டில் முப்பது நிமிடம், சரி என்று எழுதுவோம். மை பேனாவால்தான்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பேட்ச்சின் கடைசிக் கட்டத்தை வால் என்போம். நிக்கல் பழசாக ஆக, கடைசி இரண்டு மூன்று டிராப் இழுத்துக்கொண்டே போகும். முள் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும், நிற்காது. அப்போது கலத்தைச் சுற்றியுள்ள உறையில் கொஞ்சம் ஸ்டீம் கொடுத்து அறுபது டிகிரியை எண்பதாக ஆக்கினால் வால் சீக்கிரம் முடியும். தாளில் இது இல்லை. ஆனால் வாலை அடுத்த ஷிப்டுக்கு விட்டுவிட்டுப் போவது எங்கள் பிளாக்கில் மானக்கேடு. மறுநாள் கேன்டீனில், என்ன, வாலைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டீங்களாமே என்று தட்டை நீட்டும்போதே கேட்பார்கள்.

முனிராஜு என் ஷிப்டின் ஆபரேட்டர். பாகலூர்க்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆனாலும் சார் என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் தெலுங்கு. டிராப்பைத் தெலுங்கில் எண்ணுவார், தமிழில் எழுதுவார், மக்கர் செய்யும் வால்வைக் கன்னடத்தில் திட்டுவார். திட்டுவதற்குக் கன்னடம்தான் வசதி, அதற்கு வால்வு திரும்பிப் பேசாது என்பார். டிராப்புக்கு ஒரு கோடு, ஒவ்வொரு ஐந்தாவது டிராப்புக்கும் ஒரு குறுக்குக் கோடு என்று தூணில் சாக்பீஸால் போட்டுக்கொண்டே வருவார். லாக் ஷீட்டில் பிழை வரலாம், முனிராஜுவின் தூணில் வராது என்பது பிளாக்கில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று எங்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. அருளப்பன் சார் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு மாலையில்தான் ஒரு நடை வந்து பார்ப்பார். லேபில் ஆள் கிடையாது. சாம்பிள் எடுத்தாலும் திங்கட்கிழமைதான் முடிவு வரும்.

நிக்கல் ஏழாவது முறையாகப் போடப்பட்டது. ஆறரை மணிக்குக் கசிவுச் சோதனை. பத்து நிமிடம், தண்டு ஓடவில்லை. முள் தன் தடிமன் அளவு நகர்ந்தது. முப்பது நிமிடம், சரி என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழு மணிக்கு ஹைட்ரஜன் திறந்தோம்.

மதியம் வரை வழக்கம்போல் போனது. பழைய நிக்கலுக்கு இவ்வளவு நன்றாக ஓடுகிறதே என்று நான்கூடச் சொன்னேன். மூன்று மணிக்கு மேல் முனிராஜு ஆட்டோகிளேவின் மேல் தளத்தை இரண்டு முறை அண்ணாந்து பார்த்ததைக் கவனித்தேன். பிறகு வந்து, கிளாண்ட் பக்கம் லேசாக ஒரு சத்தம் இருக்கிறது, சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார். சோப்புத் தண்ணீரை ஊற்றினால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். அவ்வளவுதான் வேலை, ஐந்து நிமிடம். பேட்ச் முடியட்டும், இறக்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

நாலு மணிக்கு மீண்டும் வந்தார்.

"ஐம்பத்தெட்டு ஆயிருச்சுங்க சார். ஆனா முள்ளு நிக்கல. இறங்கிக்கிட்டேதான் இருக்குது."

வால் என்றேன்.

"வால் இப்படி இறங்காதுங்க. வால்னா போகப் போகக் கம்மியாவும். இது ஒரே மாதிரி இறங்குது."

அவர் சொன்னது சரி. வினை முடிவை நெருங்கும்போது முள் இறங்கும் வேகம் குறைந்துகொண்டே வர வேண்டும். கசிவுக்குத்தான் அப்படிக் குறையத் தெரியாது. ஐம்பத்தெட்டில் எட்டோ ஒன்பதோ டிராப் காலையிலிருந்து கிளாண்ட் வழியாகக் காற்றில் போயிருந்தது. நிக்கல் எப்போதோ ஓய்ந்துவிட்டது. கலத்துக்குள் பாதியில் நின்ற பொருள் நிறைய இருந்தது. இறங்கும் முள்ளைப் பார்த்து வினை உயிரோடு இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்து. ஆறு மணிக்குள் வடிகட்ட ஆரம்பித்துவிடலாம்.

"எண்பதுக்கு ஸ்டீம் குடுத்துருங்க முனிராஜு. வாலை நாமளே முடிச்சுட்டுப் போயிரலாம்."

அவர் முள்ளைத் திரும்பிப் பார்த்தார். சரிங்க என்றார். போய் ஸ்டீம் வால்வைத் திறந்தார், பழக்கப்படி கால் சுற்று. அதிகம் திறக்கவில்லை. நான் பார்த்தேன்.

பிறகு நான் லாக் ஷீட்டோடு மேசையில் உட்கார்ந்தேன். மேசையிலிருந்து வெப்பமானி தெரியும். அறுபத்தைந்து, எழுபது. எழுபத்தெட்டில் ஸ்டீமை நிறுத்த எழுந்து போனேன். நிறுத்தினேன். எண்பத்திரண்டு ஆனது. ஸ்டீம் மூடியிருக்கும்போது அது ஏறக் கூடாது. கூலிங் தண்ணீரைத் திறந்தேன். எண்பத்தொன்பது. அப்போதுதான் பிரஷர் முள்ளைப் பார்த்தேன். காலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்த முள் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து. ஏழு. நான் முனிராஜு என்று கூப்பிட்டேன். மேலேயிருந்து, சார் என்று பதில் வந்தது. அவர் எப்போது மேலே ஏறினார் என்று நான் பார்க்கவில்லை.

அதிக அழுத்தத்தை வெளியே விடுவதற்கான தகடு உடைந்து, உள்ளே இருந்த வாயு குழாய் வழியாகக் கூரைக்கு மேல் போனது. அது அதற்குரிய வேலையைச் செய்தது. ஆனால் அதே நேரத்தில் கிளாண்டின் அடைப்பு பிய்ந்துகொண்டு வந்தது. கொதிக்கும் மெத்தனாலும் ஹைட்ரஜனும் நிக்கல் தூளும் அந்த வளையத்தின் வழியாக ஒரே வீச்சில் வெளியே வந்தன. நிக்கலுக்குக் காற்றுப் பட்டால் போதும். முனிராஜு அந்த இடத்திலிருந்து இரண்டு கை தூரத்தில் குனிந்திருந்தார்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்தார். இடையில் பேசவில்லை.

திங்கட்கிழமை செய்தித்தாளில் நாலு வரி வந்திருந்தது. பாய்லர் வெடித்துத் தொழிலாளி படுகாயம் என்று இருந்தது. எங்கள் பிளாக்கில் பாய்லர் கிடையாது.

ஞாயிறு மாலைக்குத் திரும்புகிறேன். தீயணைப்பு வண்டி போன பிறகு, சுமார் ஆறு மணிக்கு, நான் மேல் தளத்துக்கு ஏறினேன். தளத்தின் கம்பிச் சட்டத்தில் ஓர் அலுமினியக் குவளை கவிழ்ந்து கிடந்தது. அடியில் காய்ந்த சோப்புக் கறை. நான் வேண்டாம் என்ற வேலையைச் செய்வதற்குத்தான் அவர் ஏறியிருந்தார். ஸ்டீம் கொடுத்த பிறகும் முள் சொல்வதை அவர் நம்பவில்லை. குவளையைக் கீழே கொண்டுவந்தேன். குழாயடியில் கழுவினேன். வழக்கமாக இருக்கும் ஆணியில் மாட்டினேன். அருளப்பன் சார் வந்து சேர்ந்தபோது ஆறரை.

அன்று பாதுகாப்பு அதிகாரி முதலில் கேட்டது, ஸ்டீமைத் திறந்தது யார் என்று. முனிராஜு என்றேன். அது பொய் இல்லை. அந்த ஒரு பதிலின் மேல்தான் அதற்குப் பின் வந்த எல்லாமே எழுதப்பட்டன. செவ்வாய்க்கிழமை விசாரணை. அருளப்பன் சார் தன் அறையில் என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். முனிராஜு அப்போது உயிரோடு இருந்தார்.

"ஸ்டீம் திறந்தது முனிராஜு. நீ பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"திறக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார். அவராத்தான் திறந்தாரு."

அவர் அதைப் பென்சிலால் எழுதினார். வேறெதையும் கேட்கவில்லை. நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, போ என்றார்.

அறிக்கை இரண்டு பக்கம். ஆபரேட்டர் அனுமதியின்றி ஸ்டீம் வால்வைத் திறந்ததாலும், பணி நிமித்தமின்றி மேல் தளத்தில் இருந்ததாலும் நேர்ந்த விபத்து என்று முடித்திருந்தார்கள். கசிவுச் சோதனை முப்பது நிமிடம், சரி என்ற என் கையெழுத்து இணைப்பாக இருந்தது. கீழே சாட்சியாக இன்னொரு கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் செயல்முறைத் தாளின் புதிய பிரதி வந்தது. பதினான்காவது வரி அதில் இருந்தது. அருளப்பன் சார் எழுதியது. அதைப் படித்ததும் அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்னது உண்மையென்றால், இன்சார்ஜ் அனுமதியின்றி ஸ்டீம் திறக்கக் கூடாது என்று ஒரு வரி போதும். அவர் எழுதியது வேறு. தண்டை நிறுத்தினால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். ஒன்பது மணி நேரம் சுற்றித் தேய்ந்த கிளாண்ட் தண்டு நின்றாலும் கசியும்; அப்போதும் முள் இறங்கினால் அது கசிவுதான். வாலையும் கசிவையும் பிரித்துக் காட்டும் முறை அது. ஏதோ ஓர் இன்சார்ஜ் கசிவை வால் என்று நினைத்து ஸ்டீம் கொடுக்கச் சொன்னார் என்று தெரியாதவர் அந்த வரியை எழுதியிருக்கவே முடியாது. தனக்குத் தெரிந்ததை அவர் அறிக்கையில் வைக்கவில்லை, தாளில் வைத்தார். கலம் காப்பாற்றப்பட்டது. முனிராஜுவின் பெயர் அறிக்கையில் இருந்தபடியே இருந்தது. இதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது அவர் உயிரோடு இல்லை.

முனிராஜுவின் மனைவி ரத்னம்மா அதற்கு முன் பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கம்பெனி அவருக்குப் பேக்கிங் பிரிவில் வேலை கொடுத்தது. அன்றிலிருந்து நாங்கள் ஒரே கேட்டில் நுழைந்தோம்.

ஒவ்வொரு வருடமும் பாதுகாப்பு வாரத்தில் எல்லாப் பிரிவினருக்கும் வகுப்பு நடக்கும். பிளாக்கில் நடந்ததை நேரில் பார்த்தவன் என்பதால் என்னைத்தான் வகுப்பெடுக்கச் சொன்னார்கள். திரையில் ஆட்டோகிளேவின் படம் வரும். கீழே இரண்டு வரி: ஆபரேட்டர் அனுமதியின்றி ஸ்டீம் திறந்தார். இருக்கக் கூடாத இடத்தில் இருந்தார். பெயர் போடவில்லை, ஆனால் அந்த அரங்கில் பெயர் தெரியாதவர் யாரும் இல்லை. பயிற்சிக்கு வரும் பையன்கள்கூட, யாராவது அவசரப்பட்டு வால்வைத் திருகினால், முனிராஜு வேலை பண்ணாதடா என்பார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டே கடந்து போயிருக்கிறேன்.

முதல் வருடம், ரத்னம்மாவுக்கு மட்டும் அந்த வகுப்பிலிருந்து விலக்குக் கொடுக்கலாமே என்று அலுவலகத்தில் சொன்னேன். வருகைப் பதிவு எல்லோருக்கும் கட்டாயம் என்றார்கள். அவர் வந்தார். பேக்கிங் பெண்களோடு இரண்டாவது வரிசையில், நீல மேலங்கியில் உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். அடுத்த வருடமும் அப்படியே. மூன்றாவது வருடம், கேள்வி ஏதாவது உண்டா என்று வழக்கமாகக் கேட்டபோது அவர் எழுந்து நின்றார்.

"அவரு மேல எதுக்குப் போனாருங்க சார்?"

எனக்கு அந்தப் பதில் தெரியும். அந்த அரங்கில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"தெரியலம்மா," என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த வருடமும் அவர் கேள்வி கேட்கவில்லை. எந்த வருடமும் வராமலும் இல்லை. மொத்தம் பதினொரு முறை நான் அந்த வகுப்பை அவர் முன்னால் எடுத்தேன்.

பதினான்காவது வரியைப் பற்றிப் போன் வந்த வாரம், நான் பாகலூருக்குப் போனேன். ரத்னம்மாவுக்கு வார விடுமுறை நாள். மகள் சுமித்ரா ஓசூரில் நர்ஸாக இருக்கிறாள், அவளும் இருந்தாள். காபி கொடுத்தார்கள். குடித்த பிறகு சொன்னால் நன்றாக இருக்காது என்று குடிக்காமலே சொல்லத் தொடங்கினேன். காலைச் சோதனை, கிளாண்ட், சோப்புத் தண்ணீர், ஐம்பத்தெட்டு, ஸ்டீம், குவளை. வரிசையாகச் சொன்னேன். சுமித்ரா நடுவில் எழுந்து உள்ளே போய்விட்டாள். ரத்னம்மா கடைசி வரை கேட்டார்.

"இத்தன வருஷம் என் முன்னாடியே நின்னு சொன்னீங்களே சார்," என்றார். குரல் உயரவில்லை.

ஆமாம் என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவுது? அவரு எப்படிப்பட்டவருன்னு எனக்குத் தெரியும். அந்தக் கிளாசுல உக்காந்திருந்தாங்களே, அவங்களுக்குச் சொல்லுங்க."

கம்பெனிக்கு எழுதினேன். அடுத்த பாதுகாப்பு வாரத்தில் பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டேன். ஓய்வு பெற்றவர்களை வகுப்புக்கு அழைப்பதில்லை, ஆனால் உங்கள் உணர்வை மதித்து அந்தப் படத்தை நீக்கிவிடுகிறோம் என்று பதில் வந்தது. அதை ரத்னம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. படத்தை எடுத்துவிட்டால் எல்லோர் மனதிலும் பழையதுதானே அப்படியே நிற்கும் என்று கேட்டார்.

ஆகவே இதை எழுதினேன். பொறியாளருக்கு மட்டும் இல்லை. அந்த அரங்கில் உட்கார்ந்து நான் சொன்னதைக் கேட்டவர்கள் இப்போது ஓசூரிலும் பர்கூரிலும் ஜிகணியிலும் வெவ்வேறு கம்பெனிகளில் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது படிக்க வேண்டும். முனிராஜு தானாக ஸ்டீம் திறக்கவில்லை; நான் திறக்கச் சொன்னேன். அவர் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கவில்லை. கசிவைத் தேடி, அது இருந்த இடத்துக்குத்தான் போயிருந்தார்.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்கும் முன் பாகலூருக்கு எடுத்துப் போனேன். சுமித்ரா உரக்கப் படித்தாள். ரத்னம்மா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அருளப்பன் சாரின் அறையில் நான் பொய் சொன்ன இடம் வந்தது. அங்கே, அப்போது நான் மிகவும் பயந்துபோயிருந்தேன் என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். ரத்னம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அத மட்டும் எடுத்துருங்க சார். மேல இருந்தது அவரு. நீங்க கீழ இருந்தீங்க."

பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை அடித்தேன். சுமித்ரா அடுத்த வரியிலிருந்து படித்தாள்.